ஒரு ஜீரோவும் ஒரு ஹயாத்தேயும்

இரண்டாம் உலகப்போரில் எதிரியிடம் பிடிபட்ட ஜப்பானியப் போர் விமானங்களிலேயே பெரிய பேர் வாங்கியது எது என்று கேட்டால், விமானப் பைத்தியங்கள் எல்லோரும் ஒரே பதிலைத்தான் சொல்வார்கள்: அகுட்டான் ஜீரோ. ஆனால் அதைப் போய்ப் பார்க்க ஒரு அருங்காட்சியகமும் கிடையாது. ஏனென்றால் அந்த விமானமே இப்போது இல்லை.

1942 ஜூன் 4. அலாஸ்காவை ஒட்டிய டச்சு ஹார்பர் துறைமுகத்தின் மீது ஜப்பானிய விமானங்கள் குண்டு போட வந்தன. தடயோஷி கோகா என்ற 19 வயது விமானியின் ஜீரோவில் ஒரு குண்டு பட்டு எண்ணெய்க் குழாய் அறுந்துவிட்டது. என்ஜின் நிற்பதற்குள் இறங்கிவிடலாம் என்று அகுட்டான் தீவில் பச்சையாகத் தெரிந்த ஒரு புல்வெளியைத் தேர்ந்தெடுத்தார். அது புல்வெளி அல்ல, சதுப்பு நிலம். சக்கரங்கள் சேற்றில் மாட்டி விமானம் தலைகீழாகக் கவிழ்ந்தது. கோகா அங்கேயே இறந்துபோனார். எதிரி கையில் விமானம் சிக்கக்கூடாது, சுட்டு எரித்துவிட வேண்டும் என்பதுதான் உடன் பறந்த தோழர்களுக்கு இருந்த உத்தரவு. கோகா உள்ளே உயிரோடு இருக்கலாமோ என்று நினைத்து அவர்கள் சுடாமல் திரும்பிவிட்டார்கள். அந்த இரக்கம்தான் அமெரிக்கர்களுக்கு வாய்ப்பாகப் போனது. ஒரு மாதம் கழித்து, ஜூலை 10 அன்று, அந்தப் பக்கமாகப் பறந்த அமெரிக்க ரோந்து விமானம் ஒன்று அதைக் கண்டுபிடித்தது.

சான் டியேகோவுக்குக் கொண்டுபோய்ப் பழுது பார்த்து, செப்டம்பரில் பறக்கவிட்டார்கள். எடி சாண்டர்ஸ் என்ற கடற்படை அதிகாரி 24 தடவை பறந்து பார்த்தார். அதுவரை மாயாவி போலப் பேசப்பட்ட ஜீரோவின் பலவீனங்கள் ஒவ்வொன்றாக வெளியே வந்தன. வேகம் கூடினால் இறக்கை ஓரத்துத் திருப்புத் தகடுகள் கல்லாக இறுகிவிடும், விமானத்தைப் புரட்டுவது கஷ்டம். மூக்கைச் சட்டென்று கீழே அழுத்தினால் கார்புரேட்டருக்குப் பெட்ரோல் போகாமல் என்ஜின் இருமும். ஜீரோ துரத்தினால் என்ன செய்ய வேண்டும் என்பது அப்புறம் எல்லா அமெரிக்க விமானிகளுக்கும் பாடமாகிவிட்டது.

இங்கே ஒரு கட்டுக்கதையையும் கழற்றிவிட வேண்டும். ஜீரோவை அடித்து நொறுக்கிய அமெரிக்க ஹெல்கேட் விமானம், அகுட்டான் ஜீரோவைப் பிரித்துப் பார்த்துத்தான் வடிவமைக்கப்பட்டது என்று பல இடங்களில் எழுதியிருப்பார்கள். ஹெல்கேட்டின் முதல் மாதிரி 1942 ஜூன் 26-லேயே பறந்துவிட்டது. அப்போது கோகாவின் விமானம் சதுப்பில் யார் கண்ணிலும் படாமல் கவிழ்ந்து கிடந்தது. தேதியைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தாலே போதும்.

இவ்வளவு உதவிய அந்த விமானத்தின் முடிவு வேடிக்கையானது. 1945 பிப்ரவரியில் சான் டியேகோ ஓடுதளத்தில் அது மெதுவாக ஊர்ந்துகொண்டிருந்தபோது, பின்னால் வந்த ஒரு அமெரிக்க விமானம் கட்டுப்பாடு இழந்து மோதியது. அதன் புரொப்பெல்லர் ஜீரோவை வாலிலிருந்து விமானி அறை வரை வெள்ளரிக்காய் மாதிரி நறுக்கித் தள்ளிவிட்டது. மிஞ்சியவை சில கருவிகளும் துண்டு துக்கடாக்களும்தான்.

சரி, அழிந்ததை விடுவோம். பிடிபட்டு, பிழைத்து, இன்றைக்கும் அருங்காட்சியகத்தில் இருக்கிற இரண்டு விமானங்களின் கதைதான் இங்கே முக்கியம். இரண்டும் ஒரே கம்பெனி தயாரிப்பு. இரண்டும் அமெரிக்கர்களிடம் பிடிபட்டவை. இரண்டையும் காயலான் கடையிலிருந்து காப்பாற்றியது ஒரே மனிதர். ஆனால் ஒன்று இன்னும் பறக்கிறது, இன்னொன்று இனி பறக்காது. அது ஏன் அப்படி ஆனது?

முதலில் கம்பெனி. ஜீரோ என்றதும் மிட்சுபிஷி என்றுதான் எல்லோரும் சொல்வார்கள். வடிவமைத்தது மிட்சுபிஷிதான். ஆனால் 10,000-க்கு மேல் தயாரான ஜீரோக்களில் பாதிக்கு மேல் செய்து கொடுத்தது போட்டிக் கம்பெனியான நாகாஜிமா. டோக்கியோவுக்கு வடக்கே குன்மா மாவட்டத்தில் அதற்கு இரண்டு பெரிய தொழிற்சாலைகள் இருந்தன. கோய்சுமியில் இருந்தது கடற்படைக்கு, ஓட்டாவில் இருந்தது தரைப்படைக்கு. ஜப்பானியத் தரைப்படையும் கடற்படையும் மாமியார் மருமகள் மாதிரி. பக்கத்துப் பக்கத்து ஆலையில் வேலை நடந்தாலும் ஒருவர் பொருளை ஒருவர் தொடமாட்டார்கள். கோய்சுமியில் ஜீரோ உருவானது, ஓட்டாவில் ஹயாத்தே உருவானது. (போருக்குப் பிறகு துண்டு துண்டாக உடைக்கப்பட்ட நாகாஜிமாவின் பாகங்கள் 1953-ல் மீண்டும் ஒன்று சேர்ந்து ஃபியூஜி ஹெவி இண்டஸ்ட்ரீஸ் ஆயின. இன்றைக்கு சுபாரு கார் விற்பது அதே குடும்பம்தான். கார் சின்னத்தில் இருக்கும் ஆறு நட்சத்திரங்கள் அந்தக் கம்பெனிகள் ஒன்று சேர்ந்ததைக் குறிப்பவை.)

பெயர்களையும் சொல்லிவிடலாம். ஜப்பானியர்கள் அப்போது தங்கள் அரச ஆண்டுக் கணக்கில் ஆயுதங்களுக்கு எண் கொடுத்தார்கள். 1940 என்பது அவர்களுக்கு 2600. கடைசி எண் பூஜ்யம், அதனால் ஜீரோ. 1944 என்பது 2604. அதனால் அந்த ஆண்டு படையில் சேர்ந்த ஹயாத்தேயின் அரசாங்கப் பெயர் 'நான்காம் வகை போர் விமானம்'. ஹயாத்தே என்றால் சூறைக்காற்று.

இப்போது ஜீரோவுக்கு வருவோம். நாகாஜிமாவின் வரிசை எண் 5357. 1944 மே மாதம் கோய்சுமியில் தயாரானது. 52-ஆம் மாடல், அதாவது ஜீரோக்களில் பிந்திய, கொஞ்சம் வேகம் கூடிய ரகம். பசிபிக் நடுவில் இருக்கும் சைப்பான் தீவில் 261-ஆம் கடற்படை விமானப் பிரிவுக்குப் போய்ச் சேர்ந்தது. வாலில் 61-120 என்று எழுதினார்கள். இன்றைக்கும் அந்த எண்ணைச் சொன்னால்தான் எல்லோருக்கும் தெரியும்.

அமெரிக்கர்கள் சைப்பானில் இறங்கியது 1944 ஜூன் 15. சைப்பான் கையில் வந்தால் அங்கிருந்து பி-29 குண்டுவீச்சு விமானங்கள் நேராக டோக்கியோ போய் வரலாம். அதனால் சண்டை மிகக் கடுமையாக இருந்தது. ஆனால் தீவின் தெற்கே இருந்த அஸ்லிட்டோ விமானத் தளம் ஜூன் 18-லேயே விழுந்துவிட்டது. தளத்தில் உடைந்ததும் உடையாததுமாக வரிசையாக ஜீரோக்கள் நின்றன. அவற்றில் ஒன்று 61-120.

மே மாதம் பிறந்தது, ஜூன் மாதம் பிடிபட்டது. ஜப்பானியக் கடற்படைக்காக அது உழைத்தது சில வாரங்கள் மட்டுமே. மிச்ச ஆயுள் முழுவதும் அமெரிக்காவில்தான்! இதை நினைத்தால் 'ஜப்பானிய விமானம்' என்று சொல்லக்கூடக் கொஞ்சம் தயக்கம் வருகிறது.

சைப்பானில் கிடைத்த ஜீரோக்களில் பன்னிரண்டு பதின்மூன்றை கோப்பஹீ என்ற சிறிய விமானம் தாங்கிக் கப்பலில் ஏற்றி, ஜூலையில் சான் டியேகோவுக்குக் கொண்டுவந்தார்கள். கூடவே கழற்றிய என்ஜின்களும் உதிரி பாகங்களும் வந்தன. அகுட்டான் ஜீரோவை ஒரு ஒற்றை மாதிரி என்று சொல்லலாம். சைப்பானில் கிடைத்தது கடைச்சரக்கு மாதிரி மொத்தக் கொள்முதல். வாஷிங்டனில் ஸ்மித்சோனியன் வான்வெளி அருங்காட்சியகத்துக்குச் சொந்தமான ஜீரோவும் இந்த சைப்பான் சரக்கில் வந்ததுதான்.

61-120 கிழக்குக் கரையில் இருக்கும் பட்டக்சென்ட் ரிவர் கடற்படைச் சோதனைத் தளத்துக்கும் போனது. பல விமானிகள் மாறி மாறி ஏறி, கிட்டத்தட்ட 190 மணி நேரம் பறந்து பார்த்தார்கள். பிடிபட்ட 52-ஆம் மாடலை ஹெல்கேட், கோர்சேர் விமானங்களோடு பக்கத்தில் பக்கத்தில் பறக்கவிட்டு எடுத்த முடிவு ரத்தினச் சுருக்கமானது: மெதுவான வேகத்தில் ஜீரோவோடு சுற்றிச் சுற்றிச் சண்டை போடாதே, வேகத்தில் அதை ஜெயி. அந்த நேரத்தில் ஜீரோவின் என்ஜின் 1,130 குதிரைத்திறன், ஹெல்கேட்டுக்கு 2,000. இதற்கு மேல் சோதனை எதற்கு என்று கேட்கத் தோன்றும். ஆனால் எண்ணைத் தெரிந்துகொள்வது வேறு, அதை ஓட்டிப் பார்த்து நம்பிக்கை வருவது வேறு. பிடிபட்ட விமானம் எதிரியின் பயத்தைப் போக்கும் மருந்தாக வேலை செய்தது.

அடுத்து ஹயாத்தே. இது ஜீரோவின் நேர் எதிர். ஜீரோவில் எடை குறைய வேண்டும் என்பதற்காக விமானிக்குக் கவசம் கிடையாது, குண்டு பட்டால் தானே அடைத்துக்கொள்ளும் பெட்ரோல் டாங்கியும் கிடையாது. ஹயாத்தேயில் இரண்டும் உண்டு. இரண்டு 20 மி.மீ. பீரங்கி, இரண்டு 12.7 மி.மீ. இயந்திரத் துப்பாக்கி. 18 சிலிண்டர் ஹொமாரே என்ஜின், காகிதக் கணக்கில் ஏறக்குறைய 2,000 குதிரைத்திறன். நாகாஜிமாவின் யாசுஷி கோயாமா தலைமையில் வடிவமைத்து, 1943-ல் முதலில் பறந்து, 1944 ஆகஸ்ட்டில் சீனாவில் சண்டைக்கு இறங்கியது. சுமார் 3,500 செய்தார்கள். சும்மா சொல்லக்கூடாது, ஜப்பான் தரைப்படை செய்ததிலேயே நல்ல போர் விமானம் இதுதான் என்பார்கள்.

'காகிதக் கணக்கில்' என்று சொன்னதற்குக் காரணம் இருக்கிறது. 1944 கடைசியில் ஜப்பானில் தேர்ந்த தொழிலாளிகளைப் போர்முனைக்கு அனுப்பிவிட்டு, ஆலையில் பள்ளிப் பிள்ளைகளை வைத்து வேலை வாங்கினார்கள். ஹொமாரே நுணுக்கமான என்ஜின். கொஞ்சம் அளவு பிசகினாலும் சண்டித்தனம் செய்யும். நல்ல பெட்ரோல் இல்லை. சக்கரக் கால்களின் இரும்பைச் சரியாகப் பதப்படுத்தவில்லை, இறங்கும்போது முறிந்துவிடும். ஒரே ஆலையில் ஒரே வாரத்தில் வெளிவந்த இரண்டு விமானங்களில் ஒன்று பறக்கும், ஒன்று படுத்துக்கொள்ளும். வடிவமைப்பு எவ்வளவு நன்றாக இருந்தாலும், உற்பத்தியும் தரக்கட்டுப்பாடும் சொதப்பினால் என்ன ஆகும் என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் கிடைக்காது.

வரிசை எண் 1446 கொண்ட ஹயாத்தே பிலிப்பைன்ஸில் 11-ஆம் படைப்பிரிவில் இருந்தது. 1945 ஜனவரியில் அமெரிக்கர்கள் லூசோனில் இறங்கி, மாதக் கடைசியில் மணிலாவுக்கு வடக்கே இருந்த கிளார்க் விமானத் தளத்தைப் பிடித்தார்கள். அங்கே நூற்றுக்கணக்கில் ஜப்பானிய விமானங்கள் அனாதையாகக் கிடந்தன. பல விமானங்களுக்கு ஒரே ஒரு சின்னப் பாகம்தான் குறை. அந்தப் பாகம் ஜப்பானிலிருந்து வந்து சேரவே இல்லை. அமெரிக்கத் தொழில்நுட்ப உளவுப் பிரிவு அங்கேயே கடை விரித்து, ஒன்றின் பாகத்தைக் கழற்றி இன்னொன்றில் மாட்டி, நல்ல விமானங்களைத் தேற்றியது. இப்படித் தேறியதில் ஒன்று 1446. அது கப்பலேறி அமெரிக்கா போனது.

போர் முடிந்த பிறகு அங்கே நல்ல அமெரிக்கப் பெட்ரோல் ஊற்றிச் சோதித்தபோது ஹயாத்தே மணிக்கு 687 கி.மீ. தொட்டது என்று புத்தகங்களில் அடிக்கடி பார்க்கலாம். ஜப்பானில் அளந்தபோது அது 630 கி.மீ. சுமாருக்குத்தான் போனது. அந்த 687 உண்மையில் பறந்து அளந்ததா, கணக்குப் போட்டு எழுதியதா என்று இன்றுவரை சர்ச்சை ஓயவில்லை. ஆனால் நல்ல பெட்ரோலும் நல்ல ஸ்பார்க் பிளக்கும் கிடைத்தால் அது வேறு விமானமாகிவிடும் என்பதில் யாருக்கும் சந்தேகம் இல்லை. தன் முழு பலத்தை ஹயாத்தே காட்டியது எதிரி நாட்டில்தான்.

இதே காலத்தில் பிரிட்டிஷ்காரர்களும் சும்மா இருக்கவில்லை. மலாயாவில் ஜொகூர் பக்கம் தெப்ராவ் தளத்தில் ஜப்பானிய விமானங்களைச் சேர்த்து வைத்து, சரணடைந்த ஜப்பானிய விமானிகளையே ஓட்டச் சொல்லி 1946-ல் சோதித்தார்கள். லண்டன் போர் அருங்காட்சியகத்தில் இருக்கும் ஜீரோ விமானி அறை அந்தக் கூட்டத்தில் மிஞ்சியது. முழு விமானம் அல்ல, ஒரு துண்டு மட்டும்.

ஜப்பானில் என்ன மிஞ்சியது? ஏறக்குறைய ஒன்றும் இல்லை. சரணடைந்த நாட்டின் விமானங்கள் ஒன்றுவிடாமல் அழிக்கப்பட வேண்டும் என்று நேசப்படைகள் உத்தரவு போட்டன. ஆயிரக்கணக்கான விமானங்களைக் குவித்து எரித்தார்கள், புல்டோசர் விட்டு நசுக்கினார்கள். 1952 வரை ஜப்பானியர்கள் விமானம் செய்யவே தடை. ஆராய்ச்சிக்கென்று 1945 கடைசியில் மூன்று கப்பல்களில் சுமார் 145 விமானங்களை அமெரிக்கா எடுத்துப் போனது. இன்றைக்கு உலக அருங்காட்சியகங்களில் இருக்கும் ஜப்பானியப் போர்க்கால விமானங்களில் ஒரு பெரும் பகுதி, இப்படி 'பிடித்துக்கொண்டு போனவை'தான். பிடித்துக்கொண்டு போகாமல் இருந்தால் அவையும் எரிந்திருக்கும்.

ஆனால் பிடித்துக்கொண்டு போனதாலேயே காப்பாற்றிவிட்டார்கள் என்று சொல்ல முடியாது. ராணுவத்துக்கு வேண்டியது தகவல். தகவல் கிடைத்த பிறகு விமானம் வெறும் எடை. வணிகவியல் மாணவர்கள் தேய்மானக் கணக்கு போடும்போது கடைசியில் 'எஞ்சிய மதிப்பு' என்று ஒரு வரி எழுதுவார்கள் இல்லையா? 1946-ல் ஒரு ஜப்பானிய விமானத்தின் எஞ்சிய மதிப்பு, அதில் இருந்த அலுமினியத்தின் விலை. சிகாகோ அருகே பார்க் ரிட்ஜில் ஒரு பழைய விமானத் தொழிற்சாலையில் ஸ்மித்சோனியனுக்காகப் பல எதிரி விமானங்களைச் சேர்த்து வைத்திருந்தார்கள். 1950-ல் கொரியப் போர் வந்ததும், இடம் வேண்டும், காலி செய்யுங்கள் என்று விமானப்படை சொல்லிவிட்டது. சிலவற்றை மேரிலாந்துக்கு ஏற்றினார்கள். பல விமானங்களைப் பேரீச்சம்பழத்துக்குப் போட்டுவிட்டார்கள்.

இந்த இடத்தில்தான் எட்வர்ட் மலோனி வருகிறார். கலிபோர்னியாக்காரர். ராணுவ ஜெனரலும் இல்லை, கோடீஸ்வரரும் இல்லை. ஊரெல்லாம் விமானங்களை உருக்கி அலுமினியக் கட்டியாக விற்றுக்கொண்டிருந்தபோது, இவற்றை யாராவது வைத்திருக்க வேண்டாமா என்று கவலைப்பட்ட இளைஞர். ஷுசுய் என்ற ஜப்பானிய ராக்கெட் போர் விமானம் ஒரு பொருட்காட்சித் திடலில் வேடிக்கைப் பொருளாக நின்றதைப் பார்த்து வாங்கினார். 61-120 ஜீரோவை 1950-ஐ ஒட்டி வாங்கினார். 1952-ல் ஹயாத்தேயும் அவர் கைக்கு வந்தது. ஏழு ஆண்டுகளுக்கு முன் தன் நாட்டோடு போர் புரிந்த எதிரியின் விமானத்தைக் காசு கொடுத்து வாங்கி வைப்பதை அக்கம்பக்கத்தார் எப்படிப் பார்த்திருப்பார்கள் என்று யோசித்துப் பாருங்கள். 1957-ல் கிளேர்மான்ட் என்ற ஊரில் சின்னதாக ஒரு விமான அருங்காட்சியகம் திறந்தார். அது பல ஊர் மாறி, 1973-ல் சீனோ விமான நிலையத்துக்குப் போய்ச் சேர்ந்தது. 'பிளேன்ஸ் ஆஃப் ஃபேம்' என்று இன்று உலகப் புகழ் பெற்ற அருங்காட்சியகம் அதுதான்.

அதுவரை இரண்டு விமானங்களின் ஜாதகமும் ஒன்றாகவே இருந்தது. 1973-ல் பாதை பிரிந்தது.

ஹயாத்தேயைப் பழுது பார்த்துப் பறக்கும் நிலைக்குக் கொண்டுவந்திருந்தார்கள். ஜப்பானியத் தொழிலதிபர் ஒருவர் அதை விலைக்கு வாங்கினார். 28 ஆண்டுகளுக்குப் பிறகு ஹயாத்தே தாய்நாடு திரும்பியது. 1973 இலையுதிர் காலத்தில் டோக்கியோவுக்கு அருகே இருமா விமானப்படைத் தளத்தில் நடந்த காட்சியில் அது வானத்தில் ஏறியது. உலகத்தில் மிஞ்சியிருந்த ஒரே ஹயாத்தே, சொந்த மண்ணின் மேலே, சொந்த என்ஜினின் சத்தத்தோடு! அன்றைக்கு அங்கே தலை நிமிர்ந்து பார்த்தவர்களில் அதே விமானத்தை ஓட்டியவர்களும், ஓட்டாவில் ரிவெட் அடித்தவர்களும் இருந்திருப்பார்கள். கதை இங்கேயே முடிந்திருந்தால் எவ்வளவு நன்றாக இருந்திருக்கும்.

அந்த உரிமையாளருக்குப் பிறகு விமானம் கை மாறியது. கியோட்டோவில் அராஷியாமா அருங்காட்சியகத்தில் காட்சிப் பொருளாக நின்றது. அந்த அருங்காட்சியகமும் 1991-ல் மூடப்பட்டது. இடையில் போன வருடங்களில் உலோகத்தில் அரிப்பு ஏறியது. அலுமினியத்துக்கு இரும்பு மாதிரி சிவப்புத் துரு பிடிக்காது; வெள்ளைப் பொடியாகப் பூத்து உள்ளுக்குள்ளேயே தின்னும். வெளியே பெயின்ட் பளபளப்பாக இருந்தாலும் உள்ளே எலும்பு தேய்ந்திருக்கும். சில பாகங்கள் காணாமலும் போயின. பறந்து வந்த விமானம் பறக்க முடியாததாகிவிட்டது. குண்டு பட்டு அல்ல, விபத்து நடந்து அல்ல. தினமும் எண்ணெய் தடவி, மாதம் ஒரு முறை என்ஜினைச் சுழற்றிப் பார்க்க ஆள் இல்லாததால்.

கலிபோர்னியாவில் இருந்த ஜீரோவின் கதை வேறு. சீனோவில் அதையும் பிரித்து மேய்ந்து, 1978 ஜூனில் மீண்டும் பறக்கவிட்டார்கள். அதே ஆண்டில் அது ஜப்பானுக்குப் போய் ஆறு மாதம் ஊர் ஊராகக் காட்சி கொடுத்தது. 1995-ல் இன்னொரு முறை போனது. ஆனால் இரண்டு தடவையும் கலிபோர்னியாவுக்கே திரும்பியது. அதாவது ஜீரோ விருந்தாளியாகப் போனது, ஹயாத்தே வீட்டோடு போனது.

உலகத்தில் பறக்கக்கூடிய ஜீரோக்கள் இன்னும் சில உண்டு. அவை பெரும்பாலும் பசிபிக் தீவுக் காடுகளில் கிடந்த சிதைவுகளிலிருந்து எடுத்து, புதிதாகவே செய்தவை. என்ஜினும் அமெரிக்க என்ஜின். நாகாஜிமாவின் அசல் சகாயே என்ஜினோடு பறப்பது 61-120 ஒன்றுதான். பறக்க வேண்டுமானால் தேய்ந்ததை மாற்றியே ஆக வேண்டும். குழாய், டயர், வயர், சில தகடுகள் எல்லாம் புதிது. அப்படியானால் இது அதே விமானம்தானா என்று கேட்பவர்கள் உண்டு. கோயில் தேருக்குச் சக்கரம் மாற்றுவார்கள், மரம் மாற்றுவார்கள், ஊருக்கு அது அதே தேர்தான். ஓடுகிற வரைக்கும் தேர். ஓடாமல் நிலையில் நின்றுவிட்டால் அதில் ஒரு பலகைகூட மாற்ற வேண்டாம். ஆனால் அதற்குப் பெயர் தேர்தானா?

மறுபக்க நியாயத்தையும் சொல்லியாக வேண்டும். ஒவ்வொரு முறை ஏறும்போதும் அந்த ஒரே ஒரு சகாயே என்ஜின் கொஞ்சம் தேய்கிறது. ஒரு நாள் காற்றிலேயே நின்றால், விமானமும் போகும், விமானியும் போவார். ஹயாத்தே உலகத்திலேயே ஒன்றுதான். அதை இன்று யாராவது பறக்கவிடுகிறேன் என்று சொன்னால், வேண்டாம் சாமி என்றுதான் சொல்லத் தோன்றும். 1944-ல் தட்டி ஒட்டிய அசல் தகடு, அசல் பெயின்ட், அவசரத்தில் அடித்த கோணல் ரிவெட் எல்லாம் வரலாற்றுக்குச் சாட்சி. பறப்பதற்காக அவற்றைப் பிய்த்துப் போட்டால் சாட்சியும் போய்விடும். ஆகவே ஹயாத்தே நின்றுவிட்டதே என்பது குறையல்ல. நிறுத்துவோம் என்று யாரும் யோசித்து முடிவு செய்யாமலே நின்றுபோனதுதான் குறை.

1990-களில் ஹயாத்தே, கியூஷு தீவின் தென்கோடியில் ககோஷிமா மாவட்டத்தில் இருக்கும் சிரான் ஊருக்கு வந்து சேர்ந்தது. அங்கே இருக்கும் அமைதி அருங்காட்சியகத்தில் கூரைக்கடியில், பத்திரமாக, அக்கறையான கைகளில் இருக்கிறது. ஆனால் சிரான் சாதாரண ஊர் அல்ல. 1945 வசந்தத்தில் ஒகினாவா போருக்காகத் தரைப்படையின் தற்கொலைத் தாக்குதல் விமானங்கள் புறப்பட்ட தளம். அந்தப் போரில் இப்படி இறந்த தரைப்படையினர் 1,036 பேர், அவர்களில் 439 பேர் சிரானிலிருந்து கிளம்பியவர்கள். இருபது வயதைச் சுற்றிய பையன்கள். அவர்களுடைய புகைப்படங்களும், அம்மாவுக்கு எழுதிய கடைசிக் கடிதங்களும் சுவர் முழுவதும் இருக்கின்றன. அந்தச் சுவர்களுக்கு நடுவில்தான் ஹயாத்தே நிற்கிறது.

ஹயாத்தே ரக விமானங்களும் அந்தத் தாக்குதல்களில் போனது உண்மை. ஆனால் 1446 போகவில்லை. அந்தப் பையன்கள் சிரானிலிருந்து கிளம்பிய நாட்களில் அது ஏற்கனவே அமெரிக்கர்கள் கையில் இருந்தது. பிடிபட்டதால்தான் பிழைத்தது. திரும்பி வராதவர்களின் நினைவிடத்தில், திரும்பி வந்த ஒரே விமானத்தை நிறுத்தியிருக்கிறார்கள். கடிதங்களைப் படித்துக் கண் கலங்கி வருபவர்கள் அதைப் பார்க்கும்போது, இதில்தான் அந்தப் பிள்ளை போனான் என்ற எண்ணம் வராமல் இருக்காது. பக்கத்தில் வைத்திருக்கும் விவரப் பலகை என்ன சொன்னாலும் சரி.

எதிரி நாடு காப்பாற்றியது, சொந்த நாடு கெடுத்தது என்று இந்தக் கதையைச் சுருக்கமாகச் சொல்பவர்கள் உண்டு. கேட்க நன்றாக இருக்கும், ஆனால் பாதிதான் உண்மை. அமெரிக்கா என்ற நாடு இந்த இரண்டு விமானங்களையும் உபரிச் சரக்காகத் தள்ளிவிட்டது. காப்பாற்றியது ஒரு தனி மனிதரின் பிடிவாதம். ஜப்பானிலும் ஒரு தனி மனிதர் சொந்தப் பணம் போட்டுத்தான் ஹயாத்தேயைக் கொண்டுவந்தார். வித்தியாசம் அடுத்து என்ன நடந்தது என்பதில் இருக்கிறது. மலோனி 2016-ல் இறந்தார். அவருக்குப் பின்னால் ஒரு நிறுவனம் இருந்தது, மெக்கானிக்குகள் இருந்தார்கள், அந்தக் கைகளிடம் வேலை கற்ற அடுத்த தலைமுறைக் கைகள் இருந்தன. 61-120 எழுபது வருடத்துக்கு மேலாக ஒரே வீட்டில் இருக்கிறது. ஹயாத்தேயை வாங்கியவருக்குப் பின்னால் அப்படி ஒரு வீடு இல்லை. வாங்குகிற விலையை எல்லோரும் பார்க்கிறார்கள். வருடா வருடம் ஆகும் பராமரிப்புச் செலவை யார் பார்க்கிறார்கள்?

2012 டிசம்பரில் 61-120 மூன்றாவது முறையாக ஜப்பானுக்குப் போனது, டோக்கியோ பக்கம் டோக்கோரோசாவா விமான அருங்காட்சியகத்தில் வைப்பதற்காக. இந்த முறை அங்கே அது பறக்கவில்லை. ஆனால் அவ்வப்போது திறந்த வெளியில் நிறுத்தி என்ஜினை மட்டும் ஓட்டிக் காட்டினார்கள். அதைக் கேட்பதற்கே கூட்டம் கூடியது. 2013-ல் முடிய வேண்டிய காட்சியைச் சில மாதம் நீட்டித்தார்கள். 1973-ல் ஹயாத்தே பறந்த இருமா அங்கிருந்து பக்கத்து ஊர்தான். ஹயாத்தே அப்போது அங்கிருந்து ஆயிரம் கிலோமீட்டர் அளவு தெற்கே, சிரானில், என்ஜின் ஓடாமல் நின்றுகொண்டிருந்தது. காட்சி முடிந்ததும் ஜீரோவைப் பிரித்துப் பெட்டியில் கட்டி மறுபடியும் கலிபோர்னியாவுக்கு அனுப்பிவிட்டார்கள்.